சிறிய விமான நிறுவனத்தில் பைலட் இன்டர்வியூ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் சி.பி.எல். (வணிக விமானி உரிமம்) இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் இப்போதைக்கு ஆள் எடுக்கவில்லை. ஏ.டி.ஆர். (புரொப்பெல்லர் உள்ள சிறிய பயணிகள் விமானம்) ஓட்டும் ஒரு சிறிய நிறுவனத்திலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த நிலையில் இருக்கும் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் ஏ.டி.ஆர். கமாண்டர் (கேப்டன்), தேர்வுக் குழுவில் உட்காரும் வாய்ப்பும் கிடைப்பதுண்டு. இங்கே சொல்வது எல்லாமே இந்தியச் சூழலுக்கு, அதிலும் ஃபர்ஸ்ட் ஆஃபீசர் (வலப்பக்க இருக்கையில் உட்காரும் துணை விமானி) வேலைக்கு.

சிறிய நிறுவனம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

சிறிய ஊர்களை இணைக்கும் நிறுவனங்களை. அலையன்ஸ் ஏர் 1996இல் இந்தியன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனமாகத் தொடங்கியது, இன்றும் அரசுடையது, ஏ.டி.ஆர். விமானங்களோடு டோர்னியர் 228-உம் ஓட்டுகிறது. கோவாவைத் தளமாகக் கொண்ட ஃப்ளை91, 2024 மார்ச்சில் ஏ.டி.ஆர். 72-600 விமானங்களோடு சேவையைத் தொடங்கியது. ஸ்டார் ஏர் எம்ப்ரேயர் ஜெட் ஓட்டுகிறது. இந்தியாஒன் ஏர் செஸ்னா கேரவன் ஓட்டுகிறது. இண்டிகோவிலும் ஏ.டி.ஆர். உண்டு, ஆனால் அது சிறிய நிறுவனம் இல்லை. அங்கே ஆள் எடுக்கும் முறையே வேறு.

பெரிய நிறுவன இன்டர்வியூவிலிருந்து இது எப்படி வேறுபடும்?

பெரிய நிறுவனத்தில் நூற்றுக்கணக்கானவர்களை ஒரே சமயத்தில் வடிகட்ட வேண்டும். கணினித் தேர்வு, சைக்கோமெட்ரிக் தேர்வு, மதிப்பெண் எல்லை என்று எந்திரகதியில் நடக்கும். சிறிய நிறுவனத்தில் உங்களிடம் கேள்வி கேட்கும் கேப்டன்தான் அடுத்த மாதம் உங்கள் இடப்பக்க இருக்கையில் உட்காரப்போகிறார். மொத்தக் கமாண்டர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துவிடலாம், அவ்வளவுதான் எண்ணிக்கை. அதனால் அவர் மனதில் ஓடும் கேள்வி ஒன்றே: மழை பெய்யும் ராத்திரியில், ஐ.எல்.எஸ். (தரையிறங்க வழிகாட்டும் ரேடியோ கருவி) இல்லாத ஒரு சின்ன ஓடுதளத்தில் இறங்கும்போது, இந்தப் பையனோ பெண்ணோ எனக்குப் பக்கத்தில் இருந்தால் உதவியா, பாரமா?

மற்ற கேள்விகள் எல்லாம் இதைக் கண்டுபிடிக்கத்தான். இது புரிந்துவிட்டால் எதைப் படிப்பது, எப்படிப் பேசுவது என்பது பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும்.

இன்னொரு வேறுபாடு ஊர்கள். ஆகத்தி தீவின் ஓடுதளம் சுமார் 1,200 மீட்டர்தான், இரண்டு முனையிலும் கடல். சிம்லா சுமார் 5,000 அடி உயரத்தில் மலையுச்சியைச் சமன்செய்து போட்ட ஓடுதளம். தூத்துக்குடியின் ஓடுதளமும் நீட்டிக்கப்படும்வரை வெகுகாலம் 1,350 மீட்டர் அளவில்தான் இருந்தது, ஏ.டி.ஆர். போன்ற புரொப்பெல்லர் விமானங்கள் மட்டும்தான் வரமுடிந்தது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ.டி.ஆர். போவதற்கும் அங்கிருக்கும் பலாலி ஓடுதளத்தின் நீளம்தான் காரணம். இந்த நிறுவனம் எந்த ஊருக்கெல்லாம் போகிறது, அந்த ஊர்களில் என்ன சிக்கல் என்று ஒரு மாலை உட்கார்ந்து படித்துவிட்டுப் போனவர், படிக்காதவரிடமிருந்து பத்து நிமிடத்தில் தனித்துத் தெரிவார்.

அடிப்படைத் தகுதி என்ன?

டி.ஜி.சி.ஏ. (இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) வழங்கிய சி.பி.எல்., மல்டி எஞ்சின் இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங், கிளாஸ் 1 மெடிக்கல், ரேடியோ உரிமங்கள், ஆங்கில மொழித் தகுதியில் குறைந்தது நிலை 4, செல்லுபடியாகும் பாஸ்போர்ட். சி.பி.எல்.லுக்கு 200 மணி நேரம் பறந்திருப்பீர்கள். அதற்குமேல் எத்தனை மணி வேண்டும், டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதி) வேண்டுமா என்பது ஒவ்வொரு விளம்பரத்திலும் மாறும். விளம்பரத்தை வரிவரியாகப் படியுங்கள். அரசு நிறுவனமாக இருந்தால் சாதிச் சான்றிதழின் படிவம், தேதி, நகலில் கையொப்பம் எல்லாம் பார்ப்பார்கள்; நல்ல பிள்ளைகள் ஒரு தாள் குறைந்ததால் வாசலிலிருந்தே திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

லாக் புக்கை உண்மையிலேயே திறந்து பார்ப்பார்களா?

பார்ப்பார்கள். பக்கம் பக்கமாகக்கூடப் பார்ப்பார்கள். 2011இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கிய பைலட்டுகள் கைதான பிறகு இந்தியாவில் யாரும் இதில் அசட்டையாக இருப்பதில்லை. பறக்காத மணியைப் பேனாவால் ஏற்றுவதை நம் துறையில் பார்க்கர் பேனா கணக்கு என்பார்கள். அந்தக் கணக்கு குழுவின் முன்னால் இரண்டு மூன்று கேள்வியில் உடையும். "இந்த கிராஸ் கண்ட்ரியில் (ஊர்விட்டு ஊர் பறந்த பயிற்சியில்) எங்கே இறங்கினாய்? அந்த டவர் அலைவரிசை என்ன? திரும்பும்போது காற்று எந்தப் பக்கம்?" உண்மையில் பறந்தவருக்கு அலைவரிசை மறந்திருந்தாலும் அந்த நாளின் வெயிலும் குலுக்கலும் ஞாபகம் இருக்கும்.

இன்டர்வியூவுக்கு முன் உங்கள் லாக் புக்கை நீங்களே ஒருமுறை முழுசாகப் படியுங்கள். கூட்டல் தப்பு இருந்தால் முறைப்படி திருத்திக் கையொப்பமிடுங்கள். முதல் சோலோ, நீண்ட கிராஸ் கண்ட்ரி, ஏதாவது கோளாறு வந்த நாள் ஆகியவை கட்டாயம் பேச்சில் வரும்.

எத்தனை சுற்றுகள் இருக்கும்?

சான்றிதழ் சரிபார்ப்பு, எழுத்துத் தேர்வு, சைக்கோமெட்ரிக் தேர்வு, நேர்முகம், சில இடங்களில் சிமுலேட்டர், கடைசியில் நிறுவனத்தின் மருத்துவப் பரிசோதனை. வரிசை மாறலாம். சிறிய நிறுவனங்களில் எல்லாமே ஒரே நாளில் முடிவதும் உண்டு, அதனால் மறுநாள் காலை டிக்கெட் போட்டுக்கொள்ளுங்கள்.

நேர்முகத்தில் தொழில்நுட்பக் கேள்விகள் எப்படி இருக்கும்?

எழுத்துத் தேர்வில் வினா வங்கியிலிருந்து வரும். நேர்முகத்தில் அப்படி வராது. ஒரு சாதாரணக் கேள்வியில் தொடங்கி, நீங்கள் எங்கே நிற்கிறீர்களோ அதுவரை கீழே தோண்டுவார்கள். நான் விரும்பிக் கேட்கும் ஒன்றைச் சொல்கிறேன்.

"மே மாதம், பகல் இரண்டு மணி, சேலம். வெப்பம் 40 டிகிரி. விமானம் நிறையப் பயணிகள். டேக் ஆஃப் பற்றி என்ன யோசிப்பாய்?"

சேலம் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி உயரம். அந்த உயரத்துக்கு நிலையான வெப்பம் 13 டிகிரி. அப்படியானால் 27 டிகிரி அதிகம். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி என்று வைத்தால், டென்சிட்டி ஆல்டிடியூட் 4,200 அடிக்கு மேல் போய்விடுகிறது. விமானம் தரையில் இருந்தாலும் அதன் எஞ்சினும் இறக்கையும் 4,200 அடியில் இருப்பதைப் போல நடந்துகொள்ளும். ஓடுதளம் சுமார் 1,800 மீட்டர். அப்புறம் கேள்வி விரியும்: எடையை எது கட்டுப்படுத்துகிறது, ஓடுதள நீளமா, ஒரு எஞ்சின் போனபின் ஏறும் திறனா? வி1 என்றால் என்ன? எடை அதிகமென்றால் பயணியை இறக்குவாயா, எரிபொருளைக் குறைப்பாயா? குறைத்தால் மாற்று விமான நிலையத்துக்கு எண்ணெய் போதுமா?

இதில் மனப்பாடத்துக்கு ஒன்றுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். விண்ட் ஓடுதளத் திசையிலிருந்து 30 டிகிரி விலகி 20 நாட் அடித்தால் கிராஸ்விண்ட் (பக்கக்காற்று) 10 நாட். 17,000 அடியிலிருந்து 1,000 அடிக்கு இறங்க, ஆயிரம் அடிக்கு 3 கடல் மைல் வீதம் 48, வேகம் குறைக்க இன்னும் சில மைல். இப்படிப்பட்ட மனக்கணக்கு வாயில் தடையில்லாமல் வரவேண்டும். காகிதத்தில் போட்டுப் பழகுவதைவிட, பேருந்தில் போகும்போது நண்பனைக் கேட்கச்சொல்லிப் பதில் சொல்லிப் பழகுங்கள்.

வானிலையில் நம் நாட்டுப் பருவங்களை ஊர்வாரியாக அறிந்து செல்லுங்கள். ஜூனில் கொச்சி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னை, பருவமழைக்கு முன் வங்காளத்தின் கால்பைசாகி இடிப்புயல், ஜனவரி மூடுபனியில் டெல்லி. மெட்டார் (விமான நிலைய வானிலை அறிக்கை) ஒன்றைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வது வழக்கம். படித்து முடித்ததும், "சரி, இதில் நீ போவாயா?" என்ற கேள்வி வரும். அதற்குத்தான் மதிப்பெண்.

டைப் ரேட்டிங் இல்லாமல் போகிறேன். ஏ.டி.ஆர். பற்றிப் படித்திருக்க வேண்டுமா?

ஆழமாக வேண்டாம், ஆனால் ஆர்வம் தெரியும் அளவுக்கு வேண்டும். ஏ.டி.ஆர். 72-இல் ஏ.பி.யு. (தரையில் மின்சாரம் தரும் சிறிய துணை எஞ்சின்) கிடையாது, தரையில் நிற்கும்போது வலது எஞ்சினின் புரொப்பெல்லரை பிரேக் போட்டு நிறுத்திவிட்டு எஞ்சினை மட்டும் ஓடவிட்டு மின்சாரமும் குளிர்காற்றும் எடுப்பார்கள். ஹோட்டல் மோட் என்று பெயர். டேக் ஆஃபில் ஒரு எஞ்சின் சக்தி இழந்தால், அதன் புரொப்பெல்லரைத் தானாக ஃபெதர் செய்து (காற்றைத் தடுக்காதபடி இதழ்களைத் திருப்பி), மற்ற எஞ்சினின் சக்தியை உயர்த்தும் ஏ.டி.பி.சி.எஸ். என்ற அமைப்பு உண்டு. இறக்கை முன்விளிம்பில் காற்றடைத்து உப்பும் ரப்பர் பூட்கள் பனியை உடைக்கும்.

டர்போபுராப் ஏன் குறைந்த தூரத்துக்குச் சிக்கனம், ஃபெதர் ஏன் அவசியம், கிரிட்டிகல் எஞ்சின் என்றால் என்ன: இவற்றை உங்கள் சொந்தச் சொற்களில் சொல்ல முடிந்தால் போதும்.

விபத்துகளைப் பற்றிக் கேட்பார்களா?

கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஏ.டி.ஆர். நிறுவனத்துக்குப் போகிறவர் குறைந்தது மூன்று விபத்துகளையாவது படித்திருப்பது நல்லது. 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ரோஸ்லானில் பனி படிந்து விழுந்த விமானம். பூட்களுக்குப் பின்னால் படிந்த பனி ஏலரானின் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகையின்) போக்கையே மாற்றியது. 2015 பிப்ரவரி 4, தைபே: டேக் ஆஃப் ஆனதும் இரண்டாம் எஞ்சினின் புரொப்பெல்லர் தானாக ஃபெதர் ஆனது, கேப்டன் பதற்றத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதல் எஞ்சினைக் குறைத்து அணைத்துவிட்டார், 43 பேர் இறந்தார்கள். 2023 ஜனவரி 15, பொக்காரா: ஃபிளாப் நெம்புகோலுக்குப் பதிலாக இரண்டு கண்டிஷன் லீவர்களும் (புரொப்பெல்லரைக் கட்டுப்படுத்தும் நெம்புகோல்கள்) ஃபெதருக்கு நகர்த்தப்பட்டன; 72 பேர்.

தேதியை ஒப்பிப்பது முக்கியமில்லை. "அந்த காக்பிட்டில் நீ வலப்பக்கம் இருந்திருந்தால் எந்த நொடியில் என்ன சொல்லியிருப்பாய்?" என்ற கேள்விக்கு நேர்மையாக யோசித்துவிட்டுப் போங்கள். இறந்த விமானிகளை மட்டமாகப் பேசாதீர்கள். அவர்களும் பயிற்சி பெற்றவர்கள்தான். அவர்களைக் கேலியாகப் பேசும் ஒருவர், தனக்கும் அது நடக்கலாம் என்பதை உணரவில்லை என்றுதான் குழு எடுத்துக்கொள்ளும்.

"கேப்டன் தவறு செய்தால் என்ன செய்வாய்?" என்பதற்கு என்ன பதில்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் விபத்துக்குள்ளான விமானம் பற்றிய விசாரணை அறிக்கை, நிலைப்படாத அப்ரோச்சைக் (தரையிறங்க நெருங்குவதைக்) கேப்டன் தொடர்ந்ததைச் சொல்கிறது. வலப்பக்க விமானி கோ அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலே ஏறுவது) சொன்னதையும் சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. சொல்லியும் நடக்காதபோது அவர் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்து கோ அரவுண்ட் செய்யாததையும் காரணத்தில் சேர்த்தே எழுதியிருக்கிறது. 2010 மங்களூரு விபத்திலும் வலப்பக்கத்திலிருந்து கோ அரவுண்ட் குரல் எழுந்தது. அங்கே 158 பேர் இறந்தார்கள்.

நம் வீடுகளில் பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்க்கிறார்கள். ஃபிளையிங் ஸ்கூலிலும் இன்ஸ்ட்ரக்டர் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பழக்கத்தோடு வரும் பிள்ளை, இந்தக் கேள்விக்கு "சார், மரியாதையாக எடுத்துச் சொல்வேன்" என்று முடித்துவிடுகிறது. குழு விடாது. "கேட்கவில்லை, இப்போது?" "திரும்பவும் சொல்வேன், சார்." "அப்பவும் கேட்கவில்லை. 500 அடி. வேகம் அதிகம்." இந்த இடத்தில் பலர் மௌனமாகிவிடுகிறார்கள்.

பதில் படிப்படியானது. முதலில் விலகலைச் சொல்வது: "ஸ்பீட்". பதில் இல்லையென்றால், நிறுவனத்தின் எஸ்.ஓ.பி. (நிலையான நடைமுறைக் கையேடு) எந்த வார்த்தையைச் சொல்கிறதோ அதே வார்த்தையில், தெளிவான குரலில்: "அன்ஸ்டேபிலைஸ்ட், கோ அரவுண்ட்". இரண்டு முறை சொல்லியும் அசைவில்லை என்றால் கேப்டன் செயலிழந்திருக்கலாம் என்றே எடுத்துக்கொண்டு, "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று எடுத்து, கோ அரவுண்ட். தரைக்கு அருகில் இந்தப் படிகளுக்கு நேரம் சில நொடிதான். கேப்டனைக் குறைசொல்லும் தொனி வேண்டாம், மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம். இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். குரல் நடுங்காமல் சொல்பவரைத்தான் நாங்கள் தேடுகிறோம்.

கூடவே எதிர்ப்பக்கமும் சோதிப்பார்கள். சின்ன விஷயத்துக்கெல்லாம் கேப்டனோடு மல்லுக்கு நிற்பவரா என்று. கேப்டன் தேர்ந்த பாதை உங்களுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் பாதுகாப்பானது: அப்போது உங்கள் கருத்தைச் சொல்லிவிட்டு அவர் முடிவோடு போவதுதான் சரி.

பதில் தெரியவில்லை என்றால்?

"தெரியவில்லை, சார், இந்தப் புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வேன்" என்று சொல்லுங்கள். ஓரளவு தெரியுமென்றால், தெரிந்தவரை சொல்லி, எங்கிருந்து ஊகம் என்பதையும் சொல்லுங்கள். தெரியாததைத் தெரிந்ததாக அடித்துவிடுபவரைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே பயம் வரும். காக்பிட்டில் எரிபொருள் எவ்வளவு என்று கேட்டால் அவர் அப்படித்தான் ஒரு எண்ணைச் சொல்வார். அதேசமயம் சி.பி.எல். பாடத்திலேயே இருப்பதற்கு மூன்று முறை தெரியவில்லை என்றால் நேர்மைக்காக வேலை கிடைக்காது.

தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலம் தடுமாறுகிறது. தள்ளிவிடுவார்களா?

உச்சரிப்புக்காகத் தள்ள மாட்டார்கள். என்ன சொல்கிறீர்கள் என்று புரியவில்லை என்றால் தள்ளுவார்கள். இரண்டும் வேறு. சின்ன வாக்கியம், நிதானமான வேகம், முக்கியமானதை முதலில் சொல்வது: ரேடியோவில் இதைத்தானே பழகினீர்கள்? அதையே மேசைக்கும் கொண்டு வாருங்கள். தினமும் ஒரு தலைப்பை எடுத்து, ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் சத்தமாக விளக்கி, போனில் பதிவுசெய்து கேளுங்கள். ஆல்டிமீட்டர் எப்படி வேலை செய்கிறது, இடிமேகம் எப்படி உருவாகிறது, இப்படி. மனதுக்குள் படித்தது வேறு, வாயால் சொன்னது வேறு என்பது முதல் நாளே தெரிந்துவிடும். தமிழ்நாட்டுச் சிறிய ஊர்களிலிருந்து வந்து நல்ல கமாண்டர்களாக இருப்பவர்களோடு பறந்திருக்கிறேன். ஆங்கிலம் அவர்களுக்கும் பின்னால் வந்ததுதான்.

சி.பி.எல். முடித்து சில வருஷம் வேலையில்லாமல் இருந்தேன். இது குறையா?

இந்தியாவில் பாதிப் பேரின் கதை இது. குழுவுக்கும் தெரியும். அந்தக் காலத்தில் என்ன செய்தீர்கள் என்பதுதான் கேள்வி. கிரவுண்ட் இன்ஸ்ட்ரக்டர், டிஸ்பாட்ச், விமான நிலைய வேலை, அப்பாவின் கடை, எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் மெடிக்கலையும் இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங்கையும் காலாவதியாக விடாதீர்கள். அரைக் கோடி ரூபாய்க்கு மேல் கடன் இருக்கும் வீட்டில் இந்தச் செலவு எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். ஆனாலும் அழைப்பு வந்தால் ஒரு வாரம்தான் அவகாசம் கிடைக்கும்.

"ஜெட் கிடைத்தால் போய்விடுவாயா?" என்று கேட்டால்?

போகவே மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள், யாரும் நம்பப்போவதில்லை. இந்த வேலையில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதைச் சொல்லுங்கள். ஏ.டி.ஆரில் ஒரு நாளில் நான்கு ஐந்து செக்டார் (ஊருக்கு ஊர் பறப்பு), அத்தனை டேக் ஆஃப், அத்தனை லேண்டிங். ஜெட் மேலே ஏறித் தாண்டிவிடும் வானிலைக்கு உள்ளேதான் ஏ.டி.ஆர். பறக்கும், ஏனென்றால் அதன் உச்சவரம்பு 25,000 அடி. கையால் ஓட்டக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. இதை உணர்ந்து சொல்பவர், எத்தனை ஆண்டு இருப்பேன் என்று நேர்மையாகவும் சொன்னால் குழு மதிக்கும்.

சிமுலேட்டரில் என்ன பார்ப்பார்கள்?

ஏ.டி.ஆர். தெரியாதவரிடம் சுத்தமான பறத்தலை எதிர்பார்ப்பதில்லை. அடிப்படை இன்ஸ்ட்ரூமென்ட் ஸ்கேன், உயரமும் திசையும் விலகினால் உடனே கவனித்துத் திருத்துவது, சொல்லிக்கொடுத்தால் அடுத்த முறை மாறுகிறதா என்பது. சொன்னதைக் கேட்டு இரண்டாம் முயற்சியில் முன்னேறியவர், முதலிலேயே நன்றாக ஓட்டிவிட்டுத் திருத்தத்தைக் காதில் வாங்காதவரைவிட மேல்.

பாண்டு, நோட்டீஸ் காலம் எல்லாம் எப்படி?

டைப் ரேட்டிங் செலவை நிறுவனம் ஏற்றால் சில ஆண்டுகளுக்குப் பாண்டு (இடையில் போனால் பணம் கட்டும் ஒப்பந்தம்) கேட்பார்கள். தொகை, ஆண்டு, இடையில் போனால் விகிதாசாரமாகக் குறையுமா, நிறுவனமே உங்களை நீக்கினால் என்ன: நான்கையும் எழுத்தில் பாருங்கள், ஒரு வழக்கறிஞரிடமும் காட்டுங்கள். டி.ஜி.சி.ஏ. 2017இல் கொண்டுவந்த விதிப்படி கமாண்டருக்கு ஒரு வருஷம், ஃபர்ஸ்ட் ஆஃபீசருக்கு ஆறு மாதம் நோட்டீஸ். சம்பளத்தைவிடப் பயிற்சி எப்போது தொடங்கும் என்பதை முதலில் கேளுங்கள்; வேலை உத்தரவு வாங்கி சிமுலேட்டர் இடத்துக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

சிறிய நிறுவனம் மூடிவிட்டால் என் மகன் என்ன செய்வான்?

நியாயமான பயம். சென்னையிலிருந்து இயங்கிய பாரமவுண்ட் 2010இல் நின்றது. ஏர் பெகாசஸ் 2016இல், ஏர் கோஸ்டா 2017இல், சென்னை-சேலம் ஓட்டிய ட்ரூஜெட் 2022இல். ஆனால் பறந்த மணிகளும் டைப் ரேட்டிங்கும் நிறுவனத்தோடு போவதில்லை, மகனோடு வரும். சேருவதற்கு முன் விமானங்களின் எண்ணிக்கை, சம்பளம் மாதம் தவறாமல் வருகிறதா என்று அங்கே வேலை செய்பவர்களிடம் விசாரியுங்கள். வீட்டை அடமானம் வைத்துத் தானே டைப் ரேட்டிங் செய்துகொண்டு, ஒரே ஒரு விமானம் வைத்திருக்கும் நிறுவனத்தை நம்பி இருக்க மட்டும் வேண்டாம்.

ஏஜென்ட் ஒருவர் பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

கொடுக்காதீர்கள். விளம்பரத்தில் அச்சிட்ட விண்ணப்பக் கட்டணம் தவிர ஒரு ரூபாயும் யாருக்கும் தரத் தேவையில்லை.

உடை?

வெளிர் சட்டை, அடர் நிற பேன்ட், டை, மெருகேற்றிய ஷூ. பெண்களுக்கும் அதே அளவு முறையான உடை. ஃபிளையிங் ஸ்கூல் சீருடையும் தோள் பட்டையும் வேண்டாம்.

தேர்வாகவில்லை. மறுபடி போகலாமா?

போகலாம். பெரும்பாலான இடங்களில் குறிப்பிட்ட மாதங்கள் கழித்தே மறு வாய்ப்பு. அதை விளம்பரத்திலோ மனிதவளத் துறையிலோ கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே வந்த அன்றே, கேட்ட கேள்விகள் அத்தனையையும் எழுதிவையுங்கள். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். சிறிய நிறுவனத்தில் அடுத்த முறையும் பெரும்பாலும் அதே கேப்டன்தான் உட்கார்ந்திருப்பார், போன முறை நீங்கள் தடுமாறிய இடத்திலிருந்துதான் தொடங்குவார்.